அட்டையில் 2028 என்று இருக்கிறது, காப்பீடு இருக்கிறதா?

வாசகர் கடிதம்:

எனக்கு 68 வயது. ஜெர்மனியில் 29 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 2025 மே கடைசியில் அங்கே முகவரிப் பதிவை முறைப்படி நீக்கிவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். வீடு கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம். இந்தியக் குடியுரிமைதான். அங்கே பிடித்தம் போகாமல் பார்த்தால் ஓய்வூதியம் 1,300 யூரோ. முன்பு நோய்க்காப்பீட்டுக்கென்று மாதம் 158 யூரோ பிடிப்பார்கள். ஜூன், ஜூலையிலும் பிடித்தார்கள், பிறகு நின்றுவிட்டது. காப்பீட்டு அட்டை என் கையில்தான் இருக்கிறது, 2028 வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது. சுகர், பிரஷர் உண்டு, முட்டுவலியும் கூடிவருகிறது. மகன் அங்கே இருக்கிறான். ‘என் வீட்டு முகவரியில் மறுபடி பெயரைப் பதிந்துவிடு, மூன்று மாதம் வந்து முட்டு ஆபரேஷனை முடித்துக்கொண்டு போ’ என்கிறான். இங்கே ஒரு ஏஜென்ட் ‘முதல் நாளிலிருந்தே எல்லாம் கவர் ஆகும்’ என்று பாலிசி கொண்டுவருகிறார். கணவருக்கு 72 வயது, எந்தக் காப்பீடும் இல்லை. மாதாமாதம் நானே பணம் கட்டியாவது ஜெர்மனி உரிமையைத் தக்கவைக்க முடியாதா?

பதில்:

அன்புள்ள அம்மா,

பிடித்தம் நின்றது உங்களுக்குக் கிடைத்த சலுகை அல்ல. சந்தாவும் சிகிச்சை உரிமையும் ஒரே நாளில் முடிந்துவிட்டன என்பதற்கான அடையாளம் அது. ஜெர்மனியின் அரசு நோய்க்காப்பீடு அந்த நாட்டில் குடியிருப்பவர்களுக்கானது. ஓய்வூதியம் உங்களைத் தேடிக் கருங்கல் வரைக்கும் வரும், காப்பீடு வராது. இரு நாடுகளுக்கும் இடையே 2011 அக்டோபரில் கையெழுத்தாகி 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஓய்வூதியம் சேர்ந்திருக்கிறது, நோய்க்காப்பீடு சேரவில்லை. அதனால் இங்குள்ள மருத்துவமனை பில்லை உங்கள் கிராங்கன்காஸேக்கு (அங்குள்ள நோய்க்காப்பீட்டு நிறுவனம், சுருக்கமாகக் காஸே) அனுப்பினால் பதில் மறுப்பாகத்தான் வரும்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் தேதி அந்த பிளாஸ்டிக் அட்டையின் ஆயுள், காப்பீட்டின் ஆயுள் அல்ல. உறுப்பினராக இருப்பது முடிந்த பிறகு அந்த அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெற்றால் மொத்தச் செலவையும் உங்களிடமே திரும்பக் கேட்பார்கள். முதல் வேலையாக அதைப் பதிவுத் தபாலில் காஸேக்குத் திருப்பி அனுப்புங்கள். கூடவே, உறுப்பினர் நிலை எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுத்தில் சான்று கேளுங்கள். அந்தத் தாள் பிற்பாடு தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.

ஜூன், ஜூலைப் பிடித்தம் உங்களுக்குத் திரும்பி வரவேண்டிய பணம். மே கடைசியில் குடியிருப்பு முடிந்துவிட்டது. அந்தத் தகவல் காஸேயிலிருந்து ஓய்வூதிய நிறுவனத்துக்குப் போய்ச் சேரத் தாமதமானதுதான் காரணம், இது வழக்கமாக நடப்பது. பதிவு நீக்கச் சான்றின் நகல், இங்கே வந்து இறங்கிய நாளில் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைப் பக்கம், அந்த இரண்டு மாத ஓய்வூதியக் கணக்கு ஆகிய மூன்றையும் வைத்து காஸேக்கும் ஓய்வூதிய நிறுவனத்துக்கும் ஒரே நாளில் கடிதம் எழுதுங்கள். இரண்டு கடிதத்திலும் உங்கள் ஓய்வூதியக் காப்பீட்டு எண் இருக்க வேண்டும். தவறாகப் பிடித்த சந்தாவைத் திரும்பக் கேட்கும் உரிமை, அது கட்டப்பட்ட ஆண்டு முடிந்து நான்கு ஆண்டில் காலாவதியாகும். உங்களுக்கு 2029 டிசம்பர் வரை காலம் இருக்கிறது. என்றாலும் 300 யூரோவுக்கு மேற்பட்ட தொகை, இப்போதே கேட்டுவிடுங்கள்.

நின்றுபோன 158 யூரோ எதற்குப் போனது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை கிடைக்கும். 2025 கணக்கில் நோய்க்காப்பீட்டின் பொது விகிதம் 14.6 சதவீதம். அதில் பாதியை ஓய்வூதிய நிறுவனம் கட்டும், மறுபாதி 7.3 சதவீதம் உங்களுடையது. 1,300 யூரோவில் அது 94.90. கூடுதல் சந்தா சராசரியாக 2.5 சதவீதம், அதிலும் பாதி உங்களுக்கு, 16.25. முதுமைப் பராமரிப்புக் காப்பீடு 3.6 சதவீதம், இதை ஓய்வூதியர் முழுதாகத் தானே கட்ட வேண்டும், 46.80. கூட்டினால் 157.95. பிள்ளை இல்லாதவராக இருந்திருந்தால் பராமரிப்புக்கு மட்டும் இன்னும் 0.6 சதவீதம் கூடியிருக்கும்.

இதில் நோய்க்காப்பீட்டுப் பகுதியை இங்கிருந்தபடி கட்டித் தக்கவைக்க வழியில்லை. குறைந்த சந்தாவில் உரிமையை உறங்க வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, அது வேலை நிமித்தமாக வெளிநாடு போகிறவர்களுக்கும் அவர்களோடு போகும் குடும்பத்தாருக்கும்தான். ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவர்களுக்குக் கிடையாது. தனியார் காப்பீட்டுக்கு ஓய்வூதிய நிறுவனம் தரும் மானியமும் ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவருக்கு வராது.

பராமரிப்புக் காப்பீட்டின் கதை வேறு. வெளிநாட்டுக்குக் குடிபெயர்வதால் உறுப்பினர் நிலை முடிகிறவர், முடிந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அதைத் தொடரலாம். 2025 கணக்கில் மாதம் சுமார் 22 யூரோதான். உங்களுக்கு அந்த ஒரு மாதம் கடந்துவிட்டது. ஆனால் கவலைப்பட வேண்டாம். பிற்காலத்தில் அங்கே போய்ப் பராமரிப்பு உதவி கேட்டால், விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளில் 2 ஆண்டு சந்தா கட்டியிருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் 2025 மே வரை இடைவிடாமல் கட்டியவர். 2033 மே மாதத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த இரண்டு ஆண்டு கணக்குக்குள் வந்துவிடும். இன்னும் கிளம்பாமல் அங்கே இருக்கும் நம் ஊர் நர்ஸ்மார் இந்த ஒரு மாதக் கெடுவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துத் திரும்பிப் போக நேர்ந்தால் அந்த 22 யூரோவின் அருமை தெரியும்.

மகன் சொல்வதற்கு வருகிறேன். அவர் பாசத்தில் சொல்கிறார், அந்த வழியில் போகாதீர்கள். நோய்க்காப்பீடு பதிவேட்டில் உள்ள முகவரியைப் பார்த்து வருவதில்லை, வாழ்க்கை எங்கே நடக்கிறது என்பதைப் பார்த்து வருவது. மூன்று மாதம் தங்கிச் சிகிச்சை முடித்துவிட்டுப் போவதற்காகப் பதிவது குடியிருப்பு ஆகாது. பின்னால் தெரியவந்தால் அறுவைச் சிகிச்சைச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். உண்மையில் குடியேறாத ஒருவருக்குப் பதிவுக்காக முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கவும் அந்நாட்டுப் பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது மகன்மேல் விழும்.

மெய்யாகவே மகனோடு போய் வாழ முடிவெடுத்தால் நிலைமை வேறு. வேலைக் காலத்தின் பிற்பாதியில் பத்தில் ஒன்பது பங்கு அரசு காப்பீட்டில் இருந்தவருக்கு ஓய்வூதியர் காப்பீடு கட்டாயம். 29 ஆண்டு மருத்துவமனைச் சம்பளத்தில் இருந்த நீங்கள் அந்த நிபந்தனையைத் தாண்டியவர். அங்கே குடியிருப்பு மறுபடி தொடங்கும் நாளில் சந்தாவும் தொடங்கும், உரிமையும் தொடங்கும். சுகர், முட்டு என்று எதையும் காட்டி மறுக்க முடியாது, காத்திருப்புக் காலமும் இல்லை. உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து இதுதான்.

அந்தச் சொத்துக்கு வாசல் உங்கள் குடியிருப்பு அனுமதி. நிரந்தர அனுமதி பெற்றவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அது காலாவதியாகிவிடும். ஆனால் 15 ஆண்டு சட்டப்படி அங்கே வாழ்ந்து, சொந்த வருமானத்தில் வாழ முடிகிறவருக்கு அது காலாவதியாகாது, கணவனோ மனைவியோ அவரோடு அங்கே சேர்ந்து வாழ்ந்திருந்தால் அவருக்கும் சலுகை உண்டு. கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் இதற்குச் சான்று வாங்கியிருந்தால் நல்லது. வாங்கவில்லையென்றால், கடைசியாக நீங்கள் குடியிருந்த ஊரின் அந்த அலுவலகத்துக்கு ஓய்வூதிய ஆணையையும் பழைய அனுமதி அட்டையின் நகலையும் வைத்து இப்போதே எழுதிக் கேளுங்கள். விமானச் சீட்டு வாங்கிய பிறகு இதைத் தேடினால் நேரம் போதாது.

மகனைப் பார்க்க மட்டும் போவதானால் பயணக் காப்பீடு எடுத்துத்தான் போக வேண்டும். அனுமதி காலாவதியாகி ஷெங்கன் விசா எடுக்க நேர்ந்தால் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டுமே பணம் தருவது வழக்கம். சுகரும் பிரஷரும் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மூன்று மாத மாத்திரையையும், மருந்தின் மூலப்பெயரோடு எழுதிய சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

முழுதாக வந்துவிடாமல் பனிக்காலத்தை மட்டும் இங்கே கழித்துவிட்டுப் போகும் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உங்கள் சந்தா அங்கே போய்க்கொண்டிருந்தாலும் இங்கே தங்கும் நாட்களில் காஸே பணம் தராது, தனியாகப் பயணக் காப்பீடு வேண்டும். வயதாலோ நோயாலோ எந்த நிறுவனமும் பயணக் காப்பீடு தரவில்லை என்றால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிக் கிளம்பும் முன்பே காஸேயில் பதிந்துகொள்ளுங்கள். அப்படிப் பதிந்தவருக்கு ஆண்டுக்கு ஆறு வாரம் வரை, அவசரச் சிகிச்சைச் செலவை அங்குள்ள அளவுக்குள் காஸே ஏற்கும். வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. சிகிச்சைக்கென்றே வந்தாலும் கிடைக்காது.

இங்கே என்ன செய்வது?

யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நின்றுபோன பிடித்தம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,90,000 ரூபாய். இந்தப் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள். இதற்கென்று தனிக் கணக்கு தொடங்கி, இதிலிருந்துதான் பிரீமியம் கட்ட வேண்டும். மிச்சம் வைப்பில் சேரட்டும்.

68 வயதில் பாலிசி கிடைக்குமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற பழைய நிலை 2024 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஏஜென்ட் கணக்கில் 18 சதவீதம் எழுதியிருந்தால் கேளுங்கள். மூத்தோர் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் நிறுவனம் முதலில் ஐஆர்டிஏஐ என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. ஒன்று வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் கட்டிய 29 ஆண்டு இங்கே காத்திருப்புக் கணக்கில் சேராது. ஒரு இந்திய நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால்தான் பழைய காலம் சேரும். அதனால்தான் திரும்பி வர நினைக்கிறவர்களிடம், மூன்று வருடம் முன்பே இங்கே ஒரு பாலிசியைத் தொடங்கிவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

‘முதல் நாளிலிருந்தே எல்லாம்’ என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு சுகருக்கும் பிரஷருக்கும் காத்திருப்பைக் குறைக்கும் பாலிசிகள் இருக்கின்றன. முட்டு மாற்றுச் சிகிச்சைக்கும் கண்புரைக்கும் பெரும்பாலும் தனியாக 24 மாதக் காத்திருப்பு போட்டிருப்பார்கள். உங்கள் முட்டுத் தேய்மானம் ஏற்கெனவே மருத்துவச் சீட்டில் ஏறிவிட்டதால் அது ‘முன்பே உள்ள நோய்’ ஆகிறது. இரண்டு காத்திருப்பில் நீண்டதுதான் பொருந்தும். அவர் சொன்னதை பாலிசி அட்டவணையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், அந்த 30 நாளில் உட்கார்ந்து படியுங்கள். முட்டு மூன்று வருடம் தாங்காது என்று டாக்டர் சொன்னால், அந்தச் செலவு கைப்பணத்தில்தான் என்று இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

படிவம் நிரப்பும்போது ஏஜென்ட் ‘சுகரை எழுதாவிட்டால் சீக்கிரம் பாஸ் ஆகும்’ என்று சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். கிளெய்ம் வரும்போது நிறுவனம் முதலில் எடுத்துப் பார்ப்பது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தை. இரவில் அட்மிட் ஆகும்போது டியூட்டி டாக்டர் கேட்பார், பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் ‘இருபது வருஷமா சுகர் உண்டு’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார், அது அப்படியே எழுத்தில் ஏறிவிடும். உங்களுக்கு உண்மையில் 11 வருடமாக இருந்தால்கூட அந்த வரியை வைத்து மறுப்பார்கள். அதற்கு மாற்று உங்கள் ஜெர்மன் மருத்துவக் கடிதம்தான். அதன் மேல்பகுதியிலேயே நோய்களின் பட்டியல் இருக்கும், பல கடிதங்களில் எந்த வருடத்திலிருந்து என்றும் போட்டிருப்பார்கள். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் படிவத்தோடு இணையுங்கள், ஒரு நகலை வீட்டு மருந்துப் பெட்டியில் வையுங்கள். மறைக்காமல் எடுத்து 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது.

இன்னொரு பொறி அறை வாடகை வரம்பு. ஐந்து லட்சம் பாலிசியில் நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று இருக்கிறது. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 32,000, டாக்டர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், நர்ஸிங் கட்டணம் 1,20,000, மருந்து, உள்வைப்பு (உடலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டு), பரிசோதனை 1,50,000. மொத்தம் 3,02,000. நீங்கள் நினைப்பது, அறை வித்தியாசம் 12,000 மட்டும் நம் கைச்செலவு என்று. நடப்பது வேறு. அறைக்கு 20,000 தருவார்கள். டாக்டர், தியேட்டர் கட்டணத்தையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்து 75,000 தருவார்கள். மருந்து, உள்வைப்பு, பரிசோதனையை மட்டும் இப்படிக் குறைக்கக் கூடாது என்பது விதி, அதனால் 1,50,000 முழுதாக வரும். ஆக 2,45,000. பாலிசியில் 20 சதவீதம் நீங்கள் ஏற்கும் நிபந்தனையும் இருந்தால் வருவது 1,96,000 மட்டும், கைவிட்டுப் போவது 1,06,000. மூத்தோர் பாலிசிகளில் இந்த இரண்டு நிபந்தனையும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். அறை வரம்பு இல்லாத பாலிசியாகத் தேடுங்கள், பிரீமியம் கூடினாலும் சரி.

கணவரையும் உங்களையும் ஒரே குடும்பப் பாலிசியில் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அதில் மூத்தவரின் 72 வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள், ஒருவருக்குப் பெரிய செலவு வந்தால் மற்றவருக்கான தொகையும் கரைந்துவிடும். தனித்தனியாக எடுங்கள். மருத்துவமனைப் பட்டியலில் நாகர்கோவிலும் மார்த்தாண்டமும் மட்டும் இருந்தால் போதாது. கருங்கலிலிருந்து பெரிய வியாதிக்கு நாம் திருவனந்தபுரம் போகிறவர்கள். நீங்கள் போகக்கூடிய திருவனந்தபுரம் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, அங்கே போனால் வேறு மண்டலம் என்று கிளெய்மில் கழிப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முட்டு ஆபரேஷன் எங்கே செய்தாலும் உள்வைப்பின் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலை வாங்குங்கள். அது இல்லாமல் கிளெய்ம் நின்றுபோவது உண்டு. கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தப் புகாரை ஏற்காவிட்டாலோ, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அரசுத் திட்டங்களில், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் ஓய்வூதியமே ஒரு மாதத்தில் அந்த அளவைத் தொட்டுவிடும். வெளிநாட்டுப் பணம் யாருக்குத் தெரியப் போகிறது என்று வருமானச் சான்று வாங்கித் தர முன்வருவார்கள், ஏற்காதீர்கள். மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய வய வந்தனா திட்டத்தில் 70 நிறைந்தவருக்கு வருமான வரம்பு கிடையாது, ஆண்டுக்கு 5 லட்சம், ஆதாரே ஆவணம், தனியார் பாலிசி இருந்தாலும் தடையில்லை. கணவருக்கு வயது தகுதி இருக்கிறது. ஆனால் நீங்கள் போகும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அந்த அட்டையை ஏற்கிறோம் என்று சொன்ன பிறகே அதைக் கணக்கில் சேருங்கள். எந்த அட்டையும் இல்லாவிட்டாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுக்கலாம், வீட்டுக்கே வரும். ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் விபத்துச் சிகிச்சைத் திட்டம் உண்டு, அதற்கு வருமானம் கேட்பதில்லை.

மற்ற நாட்டு ஓய்வூதியக்காரர்களும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டன் ஓய்வூதியம் இந்தியாவில் குடியிருப்பவருக்கு ஆண்டுதோறும் உயராது, இங்கே வந்தபோது இருந்த தொகையிலேயே நிற்கும். அவர்களுடைய அரசு மருத்துவமும் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இங்கே செல்லாது, ஆனால் அதன் பி பகுதிச் (டாக்டர் செலவுக்கானது) சந்தாவை நிறுத்திவிட்டு பிறகு திரும்பிப் போனால், விட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாக ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டிவரும். திரும்பிப் போகும் எண்ணம் இருப்பவர்கள் நன்றாக யோசித்து நிறுத்துங்கள்.

உங்களுக்கு ஆண்டுதோறும் ஜெர்மனியிலிருந்து வாழ்நாள் சான்றுப் படிவம் வரும். தபால் தவறி அது திரும்பப் போகாவிட்டால் ஓய்வூதியமே நின்றுவிடும். ஆகவே அட்டையைத் திருப்பி அனுப்பும் அதே வாரத்தில், கருங்கல் முகவரியைப் பின்கோடோடு, மகனின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து ஓய்வூதிய நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.